மூளையில்லாத பெட்டி

பெரியவளின் பேசும் பெட்டி வாயை மூடிக்கொண்டது காய்கறிக் கடையில் வைத்து. அப்போது நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் வாரோடு தொங்கிய பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். வழக்கமாக "அரைக் கிலோ போடுங்க" என்று அவள் குரலிலேயே அது சொல்லும். அன்று சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினாள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையாலும் பெட்டியைப் பிசைந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஒரு அம்மாள், "சீக்கிரம் சொல்லும்மா, பஸ் போயிடும்" என்றாள். பெரியவள் கையை நீட்டித் தக்காளியைக் காட்டினாள். கடைக்காரர் அதற்குப் பக்கத்திலிருந்த கத்தரிக்காயை அள்ளித் தராசில் போட்டார். அவள் வேண்டாமென்று தலையாட்டவில்லை. கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

என் தையல் கடையும் அவர்கள் வீடும் ஒட்டிக்கொண்டவை. நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் மெஷின், அந்தப் பக்கம் அவர்களுடைய சாப்பாட்டு மேஜை. அந்த வீட்டில் பெரியவளும், தங்கை சின்னவளும், சின்னவளின் புருஷனும் இருந்தார்கள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பெரியவள் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தது, தன் புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு.

அந்தப் புருஷனைத் தெருவில் பெட்டிக்காரர் என்போம். லிஃப்ட்டுக்குள் பேசுகிற பெட்டிகளைச் செய்து விற்பவர். "கதவு மூடுகிறது", "இரண்டாம் தளம்" என்றெல்லாம் ஊரில் முக்கால்வாசி லிஃப்ட்டுகளில் பேசுவது பெரியவளின் குரல்தான். கல்யாணமான புதிதில் வீட்டு அலமாரிக்குள் அவளை உட்காரவைத்து, சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்த குரல். அப்படியொரு குரல் அது. திட்டினால்கூடத் திட்டு வாங்கியவன் இன்னொரு தடவை கேட்கலாமா என்று நிற்பான்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமானால் குரலை விட்டுவிட வேண்டும் என்றார் தொண்டை டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் பெட்டிக்காரர் அவளை மறுபடி அலமாரிக்குள் உட்காரவைத்தார். வீட்டில், கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் என்னென்ன பேசவேண்டி வருமோ அத்தனையையும் பேசவைத்துச் சேர்த்துக்கொண்டார். அப்படிச் செய்ததுதான் கழுத்தில் தொங்கிய பெட்டி. இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

கத்தரிக்காய் வந்து சேர்ந்த அன்று மத்தியானம் சின்னவள் அவருக்குப் போன் செய்தாள். மேஜைமேல் போனை வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள்.

"மாமா, அக்கா பெட்டி பேசல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மாசாமாசம் அதுக்கு ஒரு கோட் நம்பர் போடணும். நான் இருந்தவரைக்கும் போட்டுட்டு இருந்தேன்."

"பேட்டரி பாக்கறேன்னுதானே வாங்கி வாங்கிக் குடுத்தீங்க?"

"அதையும் பாத்தேன்."

"சரி, கோட் என்னன்னு சொல்லுங்க. நானே போட்டுக்கறேன்."

"அது கம்பெனி பொருள்மா. அப்படியெல்லாம் வெளிய சொல்ல முடியாது. உங்க அக்காவை நான் குடுத்த அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்லு. குரல் கம்பெனிக்குன்னு ஒரே ஒரு கையெழுத்து. அன்னிக்கே நிரந்தரமாத் திறந்து விட்டுடறேன்."

"அவ குரல் மாமா அது."

"குரல் அவளோடதுதான், நான் இல்லேங்கல. பதிவு என்னோடது."

பெரியவள் போனுக்கு நேராகக் குனிந்தாள். வாய் திறந்து உதடு வேகவேகமாக அசைந்தது. கழுத்துத் துளையை மூடியிருந்த துணி மூச்சில் உப்பி உப்பி அமுங்கியது. வேறு சத்தமில்லை.

"பக்கத்துல இருக்காளா?" என்றது போன். "என்ன சொல்றா?"

"சொல்ல முடிஞ்சா நான் ஏன் மாமா உங்களுக்குப் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் துண்டித்தாள்.

வேன்காரர் சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார். "சகலை எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். போய்ச் சட்டையைப் புடிச்சு ரெண்டு வச்சாத்தான் சரிப்படும்."

பெரியவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி உதட்டை அசைத்தாள். சின்னவளுக்கு மட்டும்தான் அந்த உதட்டைப் படிக்கத் தெரியும். அவள் எடுத்துச் சொன்னாள்:

"அடிச்சா நாலு பேரு அவரைப் பாவம்னு சொல்லுவாங்களாம். அவரை யாரும் பாவம்னு சொல்லக் கூடாதாம்."

வேன்காரர் செருப்பைக் கழற்றினார்.

கல்யாணத்துக்கு முன்பு சின்னவளும் பெட்டிக்காரரின் பட்டறையில் கம்பி பற்றவைக்கிற வேலை பார்த்தவள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். நடுவே சதுரமாக ஒரு சிப். மைக்ரோகண்ட்ரோலர் என்று பட்டறையில் சொல்வார்கள். இவள் மூளை என்பாள். பூட்டு அதற்குள்ளே இருந்தது. எதை எதையோ இணைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"இதைத் தொட முடியாதுக்கா. வேற ஒண்ணு செய்யலாம். மூளையே இல்லாம. மூளை இருந்தாத்தானே பூட்டுவாரு."

மூளையில்லாமல் எப்படிப் பேசும் என்று வேன்காரர் கேட்டார். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவையும் தம்ளர்களையும் வரிசையாக வைத்து அவள் விளக்கினாள். ஜன்னல் வழியாக நானும் கேட்டேன். குரல் முழுவதும் எண்களாக மாறி ஒரு மெமரி சிப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இன்னொரு சிப் நாடி மாதிரித் துடித்துக்கொண்டே இருக்கும். துடிக்கத் துடிக்க ஒரு கவுண்டர் எண்ணிக்கொண்டே போகும். எண்ணிக்கை எந்த இடத்துக்கு வருகிறதோ அந்த இடத்து எண் எட்டுக் கம்பிகளில் வெளியே வரும். ஏணி மாதிரிக் கோத்த ரெசிஸ்டர்கள் அதை ஏறி இறங்குகிற மின்சாரமாக்கும். அதை ஸ்பீக்கர் பேசிவிடும்.

"இதுல யாருமே யோசிக்கலியா?"

"யோசிக்கல. ஒருத்தன் எண்றான், ஒருத்தன் எடுத்துக் குடுக்கறான், ஒருத்தன் கத்தறான்."

"எங்க ஸ்கூல் ஆபீஸ்னு சொல்லு" என்றார் வேன்காரர்.

ஒரு தொல்லை இருந்தது. கிடைத்த மெமரி சிப் எட்டு வினாடிதான் கொள்ளும். எட்டு வினாடியில் எதைச் சொல்வது என்று பேச்சு வந்தபோது சின்னவள், "தண்ணி வேணும், வலிக்குது, கொஞ்சம் இருங்க. இது மூணும் போதும். மத்ததைக் கையால காட்டிக்கலாம்" என்றாள். வேன்காரர் வேறொன்று சொன்னார். அதை எழுத முடியாது. பெரியவள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை.

அந்த வாரம் மருத்துவச் சோதனைக்குப் போய்த் திரும்பியவள் போனில் ஒரு படம் எடுத்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய விளம்பரம். குரல் இழந்தவர்களுக்கான கூட்டம், பேசும் பெட்டி செயல்விளக்கம் என்று போட்டுக் கீழே பெட்டிக்காரரின் சிரித்த முகம். சின்னவள் படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பெரியவளின் உதடு அசைந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"தண்ணிய அவளே எழுந்து போய்க் குடிச்சுக்குவாளாம். புதுப் பெட்டி, மாமாகிட்டப் பேசினாப் போதுமாம்."

பேச வேண்டுமானால் குரல் வேண்டும். பதிவுகள் எல்லாம் பெட்டிக்காரரின் கம்ப்யூட்டரில். வெளியே அவள் குரல் மிச்சமிருந்தது லிஃப்ட்டுகளில்தான். எனவே லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்கினார்கள். துணிக்கடைகள் இருக்கிற ஒரு வளாகத்தில், லிஃப்ட்டுக்குள் குரல் வருகிற ஓட்டைத் தகட்டில் சின்னவள் போனை ஒட்டிவைத்துப் பதிவுசெய்தாள். பெரியவளுக்கு வேண்டிய வரி சும்மா ஏறினால் வராது. ஆள் கூடினால்தான் வரும். அதற்காக வேன்காரர் தன் சக டிரைவர்களைக் கூட்டிவந்தார். எல்லாருமே உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்டவர்கள். ஒருவர் மூச்சு இன்னொருவர் பிடரியில் படுகிற மாதிரி நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் ஒரு காலை வைத்தபோதே, "எடை அதிகம். ஒருவர் வெளியேறவும்" என்றது பெரியவளின் குரல். வெளியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் பெரியவள்.

வளாகத்து வாட்ச்மேன் ஓடிவந்தார். "என்னய்யா விளையாட்டு, ரோப் அறுந்துடும்." விஷயத்தைச் சொன்னதும் பெரியவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்தம்மா குரலா இது? நான் மெஷினே பேசுதுன்னுல்ல நினைச்சேன். தினம் காலைல நான் வணக்கம்கூடச் சொல்லுவேனே." பிறகு அவராகவே கேட்டார்: "கரண்ட் போனா ஒண்ணு சொல்லும், அது வேணுமா?" போய் மெயின் சுவிட்ச்சை இறக்கினார். இருட்டில் அந்தக் குரல், "பயப்பட வேண்டாம்" என்றது.

மழைக்காலம் அது. வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் நேரம்வரை மத்தியானம் முழுக்க அந்த மேஜையில் வேலை நடந்தது. பற்றவைக்கிற புகை ஜன்னல் வழியே வந்து நான் தைத்த ரவிக்கைகளில்கூட ஏறியது. பெரியவள் ஒரு தட்டில் ரெசிஸ்டர்களைக் கொட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, வெளிச்சத்தில் நிறக்கோடு பார்த்துப் பிரித்துக் கொடுப்பாள். சின்னவள் கம்பிகளைச் சீவி ஒவ்வொன்றாக வைப்பாள். டிவி ரிப்பேர்க் கடையில் கொடுத்து மெமரி சிப்பில் குரலை எழுதி வாங்கினார்கள். எல்லாம் மாட்டி முதல்முதலாகப் பொத்தானை அழுத்தியபோது "றவும்... பட... ஒரு... டாம்" என்று ஏதோ உளறியது.

"குடிச்சிருக்கு" என்றார் வேன்காரர்.

இரண்டு கம்பி இடம் மாறியிருந்தது. அதை மாற்றியதும் வார்த்தை வரிசைக்கு வந்தது. ஆனால் எலி பேசுகிற மாதிரி இருந்தது. துடிப்பு வேகம் அதிகம் என்றாள் சின்னவள். பலகையில் ஒரு குட்டித் திருகு இருந்தது. அதைச் சிறிது சிறிதாகத் திருப்பி அழுத்திக்கொண்டே போனாள். எலி சிறுமியானது, சிறுமி குமரியானாள். இன்னும் கொஞ்சம் திருப்பியபோது ஒரு ஆம்பளை பேசினான். பெரியவள் விரலால் மேலே என்று காட்டினாள். மறுபடி கீழே. மறுபடி மேலே, ஒரு மயிரிழை. நான் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலில் நின்றேன்.

"பயப்பட வேண்டாம். எடை அதிகம். ஒருவர் வெளியேறவும்."

பின்னணியில் லிஃப்ட்டின் மின்விசிறி இரைந்தது. அதையும் சேர்த்து அது அவள் குரலேதான். சின்னவள் திருகின் தலையில் நகப்பூச்சை ஒரு சொட்டு விட்டு அசையாமல் செய்தாள். பெரியவள் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதைத் தடவினாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுத்தினாள், கேட்டாள், மறுபடி அழுத்தினாள். சமையலறையில் குழம்பு பாத்திரத்தோடு பிடித்துக்கொண்ட வாசனை வரும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டிக்கு உறை தைத்தது நான். தடித்த நீலத் துணியில், பொத்தானுக்கும் ஸ்பீக்கருக்கும் திறப்பு வைத்து. கூட்டத்தன்று சின்னவள் ஜன்னலில் வந்து, "நீங்களும் வாங்கண்ணே, கூட ஆள் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். கடையைப் பூட்டிவிட்டு வேனில் பிள்ளைகள் உட்காருகிற இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனேன்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பாதிப் பேருக்குக் கழுத்தில் துணி. மகனோ மகளோ மனைவியோ பக்கத்தில். முன்னால் ஒரு மேஜைக்குப் பின்னே இஸ்திரி போட்ட சட்டையில் பெட்டிக்காரர். தொண்டை டாக்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரர் பொத்தானை அழுத்தினார்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது பெரியவளின் குரல். "இங்கே வலிக்கிறது."

கூட்டத்தில் ஒரு அசைவு. ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆபரேஷனுக்கு முன்னாடியே எங்ககிட்ட வந்தீங்கன்னா உங்க சொந்தக் குரலையே இப்படிச் சேர்த்து வச்சுடலாம்" என்றார் பெட்டிக்காரர். "இது வியாபாரம் இல்லீங்க. என் குடும்பத்துலயே நடந்த விஷயம். அந்த வலி எனக்குத் தெரியும்."

பெரியவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் போனாள். அவளைப் பார்த்ததும் பெட்டிக்காரரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் செத்துப்போன பழைய பெட்டியை அவர் மேஜைமேல் வைத்தாள். பிறகு நீல உறையைத் தூக்கிப் பிடித்து அழுத்தினாள்.

"பயப்பட வேண்டாம். எடை அதிகம். ஒருவர் வெளியேறவும்."

ஊரில் லிஃப்ட் ஏறாதவர் யார்? ஒரு கணம் கூடம் விழித்தது. பிறகு சிரித்தது. அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. குரலில்லாத அத்தனை பேரும் கழுத்து வழியாகச் சிரித்தார்கள். உஸ் உஸ்ஸென்று காற்று, தொடையில் அடிக்கிற சத்தம், நாற்காலிகள் கிறீச்சிடுகிற சத்தம்.

பெட்டிக்காரரும் கூடச் சிரிக்கப் பார்த்தார். "இவங்க என் மனைவிதான். குடும்பத்துல சின்னப் பிரச்சனை..."

"இவங்க பழைய பெட்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"அவர்தான் பூட்டி வச்சிருக்காரு" என்றாள் பின்னாலிருந்து சின்னவள். அவளும் எழுந்து நின்றிருந்தாள். "மாசாமாசம் அவர் கோட் போட்டாத்தான் பேசும். குரலை எழுதிக் குடுத்தாத்தான் போடுவாராம். எங்க அக்கா கடையில நின்னு ஒரு தக்காளி கேக்க முடியல."

தகப்பனாரோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "எங்கப்பாவுக்கு வாங்கினா அதையும் இப்படிப் பூட்டுவீங்களா சார்?"

"அது பாதுகாப்புக்காகம்மா, திருட்டுப் போயிடக் கூடாதுன்னு..."

பெரியவளின் உதடு அசைந்தது. "இப்பவே திறக்கச் சொல்றா" என்றாள் சின்னவள். "எல்லார் முன்னாடியும்."

டாக்டர் பெட்டிக்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரர் செத்த பெட்டியை இழுத்து ஏதோ எண்களைத் தட்டினார். பச்சை விளக்கு வந்தது. "இதோ, திறந்தாச்சு. நிரந்தரமா. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல."

பெரியவள் அதை வாங்கிக்கொண்டாள். அவசரப்படவில்லை. சின்னத் திரையில் வாக்கியங்கள் நகர நகரப் பார்த்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். பேங்க்கிலும் ஆஸ்பத்திரியிலும் கவுண்டரில் நிற்கும்போது உதவும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் பெட்டிக்காரரே அவளைப் பேசவைத்த வாக்கியம் அது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று அழுத்தினாள்.

"என் வீட்டுக்காரர் பதில் சொல்வார்."

எவ்வளவு பிரியமான குரல் அது. பெட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப சொல்லுங்க சார்" என்றாள் அந்தப் பெண். "நாளைக்கு உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துக்கலன்னா எங்கப்பா என்ன செய்வாரு?"

"என் வீட்டுக்காரர் பதில் சொல்வார்."

"பொண்டாட்டிக்கே இந்த கதின்னா எங்களுக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

"என் வீட்டுக்காரர் பதில் சொல்வார்."

கேள்வி கேட்காதவர்களும் கேட்டார்கள். கேட்க முடியாதவர்கள் கையைத் தூக்கினார்கள். அவர்களுக்கும் அவள் அழுத்தினாள். பெட்டிக்காரர் வாயைத் திறப்பார், அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். நெற்றியைத் துடைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமல் மூடினார். எதையோ சொல்லத் தொடங்கி, "மனுஷனைப் பேச விடுங்களேன்" என்றார். சொன்ன பிறகுதான் எங்கே நின்று அதைச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்.

அந்த ஆஸ்பத்திரி அவர் பெட்டியை வாங்கவில்லை. பேச்சு வெளியே பரவி, லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் குரலுக்குச் சம்மதம் இருக்கிறதா என்று பெரியவளிடமே ஆள் அனுப்பிக் கேட்டார்கள். இல்லையென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் போதுமாயிருந்தது. ஒவ்வொரு கட்டிடமாக அவள் குரல் கழன்றது. வேறொரு பெண் வந்து கதவைத் திறந்து மூடினாள். சின்னவளுக்குத்தான் தாங்கவில்லை. ஒரு நாள் துணி வளாகத்துக்குப் போய்வந்து அழுதாள்.

"உன் குரல் அங்கயாவது இருந்துட்டுப் போயிருக்கலாமேக்கா. நான் அதைக் கேக்கறதுக்கே போவேன்."

பெரியவள் அவள் தலையைக் கோதிக்கொண்டே உதட்டை அசைத்தாள். சின்னவள் எனக்கு அதைப் பிறகு சொன்னாள்: "அவரும் லிஃப்ட்ல ஏறுவார் இல்லையா."

திறந்த பெட்டியிலிருந்து வாக்கியங்களையெல்லாம் போனில் பதிந்துகொண்டார்கள். பிறகு வேன்காரர் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்காரர் வாசலில் வைத்துவிட்டு வந்தார். சின்னவள் வாக்கியங்களை மெமரி சிப்புகளில் பிரித்துப் போட்டு, மூளையில்லாத பெட்டியை இன்னும் பெரிதாகச் செய்தாள். கழுத்து வலிக்கும் எடை. நான் தோளில் மாட்டுகிற மாதிரி வார் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பெரியவள் ரவிக்கை வாங்க என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என் போன் அடித்தது. பெட்டிக்காரர். அவர்கள் யாரும் அவர் போனை எடுப்பதில்லை. அதனால் எனக்கு அடித்திருக்கிறார்.

"டெய்லர், அவ அங்க இருந்தா கொஞ்சம் குடுங்களேன். தயவுசெஞ்சு."

பேச முடியாதவளிடம் போனை எப்படிக் கொடுப்பது என்று விழித்தேன். பெரியவள் கையை நீட்டினாள். வாங்கி, வெட்டுகிற மேஜைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள்.

"நான்தான்" என்றது போன். "எல்லாம் போச்சு. பட்டறையை மூடியாச்சு. அவளும் போயிட்டா. உன்னை நான் ஒண்ணும் கேக்கல. ஒரு தடவை பாத்துப் பேசணும், அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "கேக்குதா? கேக்குதுன்னா ஒரு தட்டுத் தட்டு. மேஜையில ஒரு தட்டு, போதும்."

அவள் விரல்கள் மேஜைமேல்தான் இருந்தன. ரவிக்கையை எடுத்துத் தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. போனைத் துண்டிக்கப் போனேன். கையைத் தடுத்தாள். சரி, நம் வேலையைப் பார்ப்போம் என்று மெஷினில் உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் சுற்றத் தொடங்கியதும், "சத்தம் கேக்குது, அங்கதான் இருக்கே" என்றது போன் ஆவலாக.

பெரியவள் என்னைப் பார்த்து, நிறுத்து என்று கையைக் காட்டினாள்.

காலை எடுத்துவிட்டேன்.

"ஹலோ" என்றது போன். "ஹலோ."